மேல்துறைத் தண்ணீர்

மயிலந்துறை
10.11.1996

தம்பி கருப்புசாமிக்கு அக்கா பழனியாத்தாள் எழுதிக்கறது.

நானும் உன் மாமாவும் உசுரோட இருக்கறோம். நீ சௌக்கியமான்னு கேக்கறதுக்கு இதை எழுதலை. நீ சௌக்கியமாத்தான் இருப்பே.

நான் ஜெயிச்சுப்போட்டேன். மயிலந்துறைப் பஞ்சாயத்துக்கு இனி நான்தான் தலைவர். இந்தத் தடவை நம்ம சனத்துப் பொம்பளைதான் நிக்கோணும்னு கவருமெண்டுல ஒதுக்கிப்போட்டாங்க. ஊர்க்காரங்க கூடிக் கூடிப் பேசினாங்க. கடைசியா மயில்சாமிப் பண்ணாடி நம்ம சனம் குடியிருக்கற வளவுக்கே வந்தாரு. ஒரு பண்ணாடி நம்ம வாசல்ல வந்து நின்னதை நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்லை. "பழனியாத்தா, நீ நின்னுக்கோ. கையெழுத்துப் போடத் தெரியுமில்ல, அது போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்"னாரு. உன் மாமா அவரு பண்ணையத்துல வேலை செய்யறவரு, என்னத்தைச் சொல்லுவாரு? நானும் சரீங்கன்னு சொல்லிப்போட்டேன்.

பதவி ஏத்துக்கற அன்னிக்கு வந்து பக்கத்துல நில்லுடான்னு உனக்குக் கார்டு போட்டேன். நீ வரலை. வளவுச் சனம் ஆபீசுக்கு வெளிய நின்னு கை தட்டுச்சு. உள்ள இருந்தவங்க ஒருத்தரும் தட்டலை.

ஆபீசுல தலைவருக்குன்னு ஒரு நாக்காலி இருந்துச்சு. நான் போன அன்னிக்கு அதைக் காணோம். கால் ஒடஞ்சு ரிப்பேருக்குப் போயிருக்குதுங்கறாரு கிளார்க்கு. முன்ன இருந்த தலைவரு ஆனை மாதிரி இருப்பாரு, அவரு ஒக்காந்தப்ப ஒடையாத காலு நான் ஜெயிச்சதும் ஒடஞ்சுபோச்சு. நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். மறுநா நம்மூட்டு முக்காலியை எடுத்துட்டுப் போயிட்டேன்.

பேப்பர்க்காரங்க வந்து போட்டோ எடுத்தாங்க. கூடப் பொறந்தவங்க இருக்கறாங்களான்னு கேட்டாங்க. என் தம்பி ஜெரோமு துடியலூர்ல பம்புக் கம்பெனியில ஸ்டோர் கீப்பருன்னு பெருமையாச் சொன்னேன். பாத்திருப்பே.

ஒரு வரி எழுதிப் போடறதுக்கு உனக்குக் கை வராதா?

பழனியாத்தாள்

*

துடியலூர்
1.12.1996

திருமதி பழனியாத்தாள் அவர்களுக்கு,

பார்த்தேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். "ஏனுங்க ஜெரோம், மயிலந்துறைங்கறது எங்கீங்க இருக்குது?" என்று வாசலில் வைத்துக் கேட்டார். தெரியாதுங்க என்றேன். பேப்பரில் உங்கள் பெயர், கம்பெனி எல்லாம் போட்டிருக்கிறதே என்றார். அது வேறு ஜெரோம், எங்கள் கம்பெனியில் இரண்டு பேர் இருக்கிறோம் என்றேன். நாங்கள் பாலக்காட்டுப் பக்கம் என்று சொல்லித்தான் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஆறு வருடமாக அவர்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறோம். அந்தத் தண்ணீருக்கு நான் கொடுத்திருக்கும் விலை உங்களுக்குத் தெரியாது.

கம்பெனி விலாசத்துக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம். கேட்டில் நிற்கிறவன் உங்கள் கார்டை ஆட்டிக்கொண்டு "கருப்புசாமி யாருப்பா" என்று கூவினான். என் பெயர் ஜெரோம். முப்பது வருடமாக அதுதான் பெயர். மாதா கோயில் சாமியார் என்னை விடுதிக்கு அழைத்துக்கொண்டு போன அன்றே கருப்புசாமியை ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஏன் வந்தேன் என்று நீங்கள் மறந்திருக்கலாம். பதினொரு வயது. ஆடிப் பதினெட்டு. ஆற்றில் ஒரு தேங்காய் மிதந்து வந்தது, அதை எடுக்க, நம் சனம் இறங்கக் கூடாத மேல்துறைப் படியில் கால் வைத்தேன். அதற்காகப் புளியமரத்தில் கட்டினார்கள். அடித்தது யார்? ஊர்க்காரர்கள் இல்லை. சென்னியப்பன். என்னைப் பெற்றவர். மாட்டுச் சாட்டையால் அடித்தார்.

இப்போது அதே ஊருக்கு நீங்கள் தலைவர். வாழ்த்துகள். கையெழுத்து மட்டும் போதும் என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதில் ஒன்றும் ஏமாற்று இல்லை. ஆனால் இனி என் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

ஜெரோம்

*

மயிலந்துறை
12.1.1997

கருப்புசாமிக்கு,

மொதத் தடவை உன் லெட்டரைப் படிச்சப்ப அழுதேன். மறுபடி படிச்சப்ப சிரிப்பு வந்துபோச்சு. "திருமதி பழனியாத்தாள் அவர்களுக்கு". உன்னை இடுப்புல தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே கோணிப்போச்சு, அவளுக்கு நீ வெக்கற பேரு இது.

அப்பனைப் பத்தி எழுதியிருக்கறே. பழைய பண்ணாடி அன்னிக்கு என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து ஆளுக்கு ஒரு அடி வெக்கட்டும்னாரு. நீ செத்திருப்பே. அப்பன் அவரு கால்ல உழுந்து, "நானே அடிச்சுப்போடறேன் சாமி, எங் கைக்கு உட்டுருங்க"ன்னு கெஞ்சி வாங்கின அடி அது. அதுக்கப்பறம் அந்த மனுசன் சாகற வரைக்கும் சாட்டையைத் தொடலை. ஏர் ஓட்டறப்பக்கூட மாட்டை வாயாலதான் அதட்டுவாரு.

அது கெடக்குது. இப்ப இங்க நடக்கறதைக் கேளு.

ஊர்ச் சாக்கடை ஆத்துல கலக்கற எடம் உனக்குத் தெரியும். மேல்துறையில ஊர்க்காரங்க குடிக்கறதுக்கு எடுக்கறாங்க. அதுக்குக் கீழ சாக்கடை. அதுக்கும் கீழதான் நம்ம கீழ்துறை. அவங்க கழுவி ஊத்தினதைத்தான் நாம குடிக்கறோம். மார்கழியில வளவு பூராவும் வாந்திபேதி. சின்னத்தாயி பேத்தி போயிருச்சு. நாலு வயசு. பொதைச்சுட்டு வந்து எல்லாரும் கை கழுவினதும் அதே தண்ணியிலதான்.

மேல்துறைக்கு மேல மோட்டார் வெச்சு வளவுக்குப் பைப்புப் போடறதுன்னு தீர்மானம் எழுதினேன். பணம் இருக்குது. ஆனா செக்குல துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டாத்தான் பேங்குல குடுப்பாங்க. துணைத் தலைவரு மயில்சாமிப் பண்ணாடி. "மேல்துறையில உங்க பைப்பு எறங்கினா அப்பறம் நாங்க எங்க போயிக் குடிக்கறது?"ன்னு கேக்கறாரு. உன் மாமாவைப் பண்ணையத்துல இருந்து நிறுத்தியும் போட்டாரு.

கலெக்டருக்கு மனுக் குடுக்கோணும். நான் எழுதினா ஒப்பாரி மாதிரி இருக்கும். நீ படிச்சவன், ஆபீசுக்காரங்க பாஷையில எழுதிக் குடு. உன் பேரு வேண்டாம். கீழ என் பேரைப் போட்டுக்கறேன். நீ இருக்கறதே யாருக்கும் தெரியாது, போதுமா?

பழனியாத்தாள்

*

துடியலூர்
2.3.1997

அக்கா,

மனு எழுதித் தர மாட்டேன்.

கையெழுத்து வேண்டாம், பெயர் வேண்டாம், பாஷை மட்டும் போதும் என்கிறாய். அஞ்சாவது படித்த பொம்பளைக்கு இதை எழுதிக் கொடுத்தது யார் என்று மயில்சாமி ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான். அடுத்த நாள் துடியலூருக்கு பஸ் ஏறுவான். அவர்கள் அப்படித்தான், அடிப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துவைத்துக்கொள்வார்கள்.

அப்பா கெஞ்சினார் என்று எனக்குச் சொல்கிறாயா? மரத்தில் கட்டிக் கிடந்தவன் நான். எல்லாம் காதில் விழுந்தது. அடித்ததை எப்போதோ மறந்துவிட்டேன். கெஞ்சினதைத்தான் மறக்க முடியவில்லை. அடித்து முடித்ததும் பழைய பண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார். அதை நீ பார்க்கவில்லை, நீ என்னை அவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

குழந்தை இறந்தது கேட்டு வருத்தப்பட்டேன். ஆனால் அந்த ஊரில் ஏன் இன்னும் இருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல்லடத்தில் தறிக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறுங்கள். சாக்கடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பதவிக்கு ஆசைப்பட்டது நீ.

ஸ்டெல்லாவுக்கு இடம் பார்த்திருக்கிறோம். நல்ல குடும்பம், பையன் கல்லூரியில் வேலை செய்கிறான். ஆவணியில் நிச்சயம். பெண்ணுக்கு அத்தை இல்லையா என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நீ வராமல் இருப்பதே அவளுக்கு நீ செய்யும் சீர்.

ஜெரோம்

*

மயிலந்துறை
15.6.1997

மகாராஜராஜஸ்ரீ ஜெரோம் அவர்கள் சமூகத்துக்கு,

செத்துப்போன பழனியாத்தாள் வேலைக்காரியாப் பொறந்து எழுதிக்கறதுங்க.

கும்பிடறேனுங்க. திங்கக்கிழமை உங்க ஊட்டுக்கு வந்து தொந்தரவு பண்ணினதுக்கு மன்னிக்கோணுங்க. கலெக்டர் ஆபீசுல மனுக் குடுத்துப்போட்டுத் திரும்பறப்ப மேட்டுப்பாளையம் பஸ்ஸு துடியலூர்ல நின்னுதுங்க. ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்டாப்புல தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பேனுங்க. அன்னிக்கு என்னமோ கால் தானா எறங்கிப்போச்சுங்க. தம்பி மகளைக் கலியாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணால பாக்கோணும்னு கிறுக்கு.

நான் வாசல்ல நிக்கறப்பவே ஊட்டுச் சொந்தக்காரம்மா எட்டிப் பாத்து, "யாருங்க இது, ரெஜினா?"ன்னு கேட்டாங்க. உங்க சம்சாரம் சித்தெகூட ரோசனை பண்ணலைங்க. "முன்னாடி எங்க ஊட்டுல வேலை செஞ்சவங்க, கலியாணம்னு கேள்விப்பட்டு வந்திருக்கறாங்க"ன்னாங்க. நீங்க பேப்பரை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. ஒரு பக்கத்தையாவது திருப்பியிருக்கலாமுங்க, படிக்கற மாதிரியாவது இருந்திருக்கும்.

நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கே தெரியுமுங்க. "ஆமாங்கம்மா, இந்தக் கண்ணை நான்தான் தூக்கி வளத்தேனுங்க"ன்னேன். சொந்தக்காரம்மாவுக்கு மனசு எளகிப்போச்சுங்க. உள்ள போயி அவங்களோட பழைய சீலை ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தாங்க. ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டேனுங்க. வாங்காமப் போனா சந்தேகம் வருமில்லீங்களா? ஒரு பஞ்சாயத்துத் தலைவி, கலெக்டர் ஆபீசுல நாக்காலி போட்டு ஒக்கார வெச்ச பொம்பளை, அன்னிக்குச் சாயந்திரம் தம்பியூட்டு வாசல்ல பழைய சீலைக்குக் கை நீட்டினா. எந்தப் பேப்பர்லயும் போடலைங்க, பயப்படாதீங்க.

உங்க மக மட்டும்தான் காப்பி கொண்டாந்து குடுத்துச்சுங்க. "ஏனுங்க பாட்டி, பஸ்ஸுக்குக் காசு இருக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சுங்க. பாட்டியாமுங்க. நான் அவ்வளவு கெழவியா ஆயிப்போட்டேன்.

இப்படிக்கு,
உங்க வேலைக்காரி

*

துடியலூர்
3.7.1997

அக்கா,

ஒரு கார்டு போட்டுச் சொல்லிவிட்டு வந்திருந்தால் கோயிலிலோ பஸ் ஸ்டாண்டிலோ வந்து பார்த்திருப்பேன். ரெஜினா பயத்தில் சொல்லிவிட்டாள். நீ ஆமாம் என்று சொன்னதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா?

ஆடிப் பதினெட்டுக்கு வளவுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மேல்துறையில் இறங்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு ஏற்றிவரும் டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம். அந்தப் படியைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை, உனக்கு நான் சொல்லித் தரலாம்.

ஜெரோம்

*

மயிலந்துறை
21.8.1997

கருப்புசாமிக்கு,

கோயமுத்தூர்ல இருந்து ஊடு வந்துட்டேன், இதை எழுதறது நம்மூர்ச் சின்ன ஆஸ்பத்திரி நர்சம்மா அன்புச்செல்வி. என் சோத்தாங்கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்குது. நான் சொல்லச் சொல்ல எழுதறா. அவளுக்கு முன்னாடி உன்னைத் திட்டறதுக்குக் கூச்சமாத்தான் இருக்குது. இருந்தாலும் திட்டத்தான் போறேன்.

மொதல்ல நடந்ததைச் சொல்லிப்போடறேன். காத்தால ஊர்க்காரங்க முளைப்பாரி விட்டு முடிச்சுப்போட்டுப் போற வரைக்கும் கரையிலயே காத்திருந்தோம். யாரு சாமியையும் மறிக்கலை. அவங்க போனதுக்கு அப்பறம் பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க கொடத்தோட மேல்துறையில எறங்கினோம். நான்தான் முன்னாடி. தண்ணி சில்லுன்னு இருந்துச்சுடா. அடியில கெடக்கற மணலு தெரிஞ்சுது. இந்த ஊர்ல பொறந்து நாப்பத்தஞ்சு வருசத்துக்கு அப்பறம் இந்த ஆத்துக்கு அடி இருக்குதுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

கொடத்தை முக்கறப்ப மொதக் கல்லு வந்துச்சு. கரை மேல நின்னு எறிஞ்சாங்க. மயில்சாமி மச்சினன் நின்னான். கிளார்க்கு மகன் நின்னான். மயில்சாமி நிக்கலை, அவரு புத்திசாலி. சின்னத்தாயிக்கு மண்டை ஒடஞ்சுபோச்சு. நான் அவளைப் புடிக்கப் போயிப் படியில உழுந்தேன். உழுந்தவ கை மேலயே ஒருத்தன் கல்லைத் தூக்கிப் போட்டான். அவன் மூஞ்சியை நான் பாத்தேன். வளையல் கடை போட வந்திருந்த ரசாக் பாய்தான் தன்னோட வேன்ல இருந்த சரக்கையெல்லாம் ரோட்டுலயே எறக்கிப்போட்டு எங்களை ஏத்திக்கிட்டு வந்தாரு.

போலீசுல எழுதிக்கலை. பாசி வழுக்கி உழுந்துட்டோமாம். பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்ங்கறாங்க. வளவுல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க. நாளைக்கு யாரு தோட்டத்துக்குப் போறதுன்னு பயம்.

இப்பத்தான் திட்டு. நீ கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு வந்தே. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னே. ஆரஞ்சு வாங்கிட்டு வந்திருந்தே. அங்கத்த நர்சு வந்து, "நீங்க அம்மாவுக்கு என்ன வேணுமுங்க?"ன்னு கேட்டுச்சு. "ஊர்க்காரனுங்க, சும்மா பாக்க வந்தேன்"னு சொல்லிப்போட்டு ஆரஞ்சைக்கூட மறந்து கையிலயே எடுத்துட்டுப் போனே.

நான் தூங்கலைடா. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். நீ என்ன சொல்றேன்னு கேக்கறதுக்காகத்தான் மூடிக்கிட்டு இருந்தேன்.

எங் கையை ஒடச்சவனாவது அவன் பேரை மாத்திச் சொல்லலை.

பழனியாத்தாள்

*

துடியலூர்
14.9.1997

அக்கா,

கலெக்டருக்கும் போலீஸ் சூப்பிரண்டுக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறேன். ஆபீஸ் பாஷையில்தான் எழுதினேன். கீழே என் கையெழுத்து: "ஜெரோம் என்கிற கருப்புசாமி, தகப்பனார் சென்னியப்பன், மயிலந்துறை வளவு, பாதிக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவரின் உடன்பிறந்த தம்பி." துடியலூர் விலாசம். விசாரிக்க வருகிறவர்கள் இங்கேயே வரட்டும் என்று எழுதினேன்.

வந்தார்கள். ஜீப்பில் வந்தார்கள். வாசலில் நின்று வீட்டுக்காரரிடமே கேட்டார்கள், "மயிலந்துறை வளவு கருப்புசாமி இங்கதானே இருக்கறாரு?" என்று. அன்று சாயந்திரமே கிணற்றுக் கயிறு உள்ளே போய்விட்டது. தலைமை ஆசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "ஏனுங்க ஜெரோம், இவ்வளவு வருசமா எங்க கெணத்தை..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார். மாதம் முடியுமுன் காலி செய்ய வேண்டும்.

பையன் வீட்டாருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அதே பூசை, அதே நற்கருணை. "செத்துப்போன அத்தை எப்படிங்க பஞ்சாயத்துத் தலைவரானாங்க?" என்று கேட்டான் வந்தவன். ஸ்டெல்லா கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரெஜினா என்னோடு பேசுவதில்லை.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றேன். சாமியார் கை நீட்டுகிற இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று வாரம் அப்படியே திரும்பினேன். ஏசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன இராயப்பருக்காவது கோழி கூவியதும் அழுகை வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உன்மேல். அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு நீ இறங்கியிருக்காவிட்டால் என் மகள் சீக்கிரமே இன்னொரு வீட்டுக்குச் சந்தோஷமாகப் போயிருப்பாள்.

போதுமா? சந்தோஷமா?

ஜெரோம்

*

மயிலந்துறை
7.12.1997

கருப்புசாமிக்கு,

கட்டுப் பிரிச்சாச்சு. எழுத்துக் கோணலா இருக்குதுன்னா கை கோணலா ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

உன் புகாரு போனதுக்கு அப்பறம்தான் எல்லாம் அசைஞ்சுது. மூணு பேரைப் புடிச்சாங்க, ஜாமீன்ல வந்துட்டாங்க, கேசு நடக்குது. கலெக்டர் நேரா வந்து மேல்துறையில நின்னு பாத்தாரு, கீழ்துறையில வந்து மூக்கைப் பொத்தினாரு. மயில்சாமிப் பண்ணாடிகிட்ட எதுவும் கேக்கலை, செக்கை எடுத்து முன்னாடி வெச்சாரு. அவரும் கையெழுத்துப் போட்டாரு. போன வாரம் பைப்புல தண்ணி வந்துச்சு. வளவுக்கு நடுவுல தொட்டி. சின்னத்தாயி மொதக் கொடம் புடிச்சா. புடிச்சுப்போட்டு அங்கயே ஒக்காந்துட்டா, ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியலை.

உனக்கு நன்றி சொல்லுவேன்னு நெனைக்காதே. கூடப் பொறந்தவன் கூடப் பொறந்தவன்னு எழுதினதுக்கு என்னடா நன்றி?

நீ கேட்டியே, சந்தோஷமான்னு. சொல்றேன் கேளு. ஊர்ல ஒருத்தரும் நம்ம சனத்துக்கு வேலை குடுக்கறதில்லை. கரும்பு வெட்டறதுக்கு வெளியூர்ல இருந்து லாரியில ஆள் கொண்டாராங்க. மளிகைக் கடையில காசு நீட்டினாலும் சரக்கு இல்லைங்கறாங்க. இப்ப வாரா வாரம் ரெண்டு குடும்பம் மூட்டை கட்டுது. பல்லடத்துக்குத் தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் போறாங்க. நீ சொன்ன மாதிரியேதான், பெருமைப்பட்டுக்கோ. போறப்ப என் ஊட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுப் போனா ஒருத்தி. உன் மாமாவும் பல்லடத்துலதான், கோழிப்பண்ணையில. மாசம் ஒரு தடவை வாராரு, என்னோட பேசாம சோறு தின்னுட்டுப் போறாரு. பைப்புல தண்ணி நல்லா வருது. புடிக்கறதுக்குத்தான் ஆளு கொறஞ்சுக்கிட்டே வருது.

ஸ்டெல்லா கலியாணம் நின்னதுக்கு என்மேல பழி போடறே. செத்துப்போனான்னு சொன்னது யாரு, நானா? உசுரோட ஒரு அத்தை இருக்கறான்னு மொதல்லயே சொல்லியிருந்தா, வேண்டாங்கறவன் அன்னிக்கே வேண்டாம்னு போயிருப்பான். பொண்ணு மனசுல ஆசை வளந்திருக்காது. அந்தப் புள்ளை மனசை ஒடச்சது நீ. உன் பொய்யி.

பழனியாத்தாள்

*

சரவணம்பட்டி
19.4.1998

அக்கா,

மேலே உள்ளது புது விலாசம். கோர்ட்டிலிருந்து ஏதாவது வந்தால் அனுப்பு. மற்றபடி எழுத வேண்டாம்.

துடியலூரிலிருந்து மாறி இது மூன்றாவது வீடு. பிப்ரவரியில் குண்டு வெடித்ததிலிருந்து இந்த ஊரில் வீடு கேட்கிறவனிடம் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நீ யார், உன் சனம் யார் என்றுதான் கேட்கிறார்கள். இந்த வீட்டில் உண்மையைச் சொன்னேன். அதனால் ஆட்டுக் கொட்டகையைத் தடுத்துக் கட்டிய அறைதான் கிடைத்தது. ரெஜினா சமையல் கட்டில் நின்றால் தலை ஓட்டில் இடிக்கிறது. ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் என்னைப் பார்க்கிறாள்.

நீ எழுதியதில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் ஸ்டெல்லா பத்தொன்பது வருடம் யாருக்கும் தலை குனியாமல் வளர்ந்தாள். யாரும் அவளுக்கு எட்ட நின்று தண்ணீர் ஊற்றியதில்லை. உன் உண்மையில் எத்தனை குழந்தைகள் அப்படி வளர்ந்தார்கள், சொல்.

ஸ்டெல்லா உன் கடிதங்களைக் கேட்டாள். கொடுக்கவில்லை. "பழைய சீலையை வாங்கிட்டுப் போனாங்களே, அவங்கதானே என் அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரோடும் அவள் சாப்பிட உட்காருவதில்லை. அவள் உனக்கு எழுதினால் பதில் போடாதே. அவளையாவது அந்த ஊரோடு ஒட்டவிடாதே. இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது, கெஞ்சுவதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

ஜெரோம்

*

மயிலந்துறை
17.5.1998

கருப்புசாமிக்கு,

உன் மகளைத் தேடிக்கிட்டு இருப்பே. போலீசுக்குப் போயிராதே. இங்கதான் இருக்கறா.

அவ எனக்கு ஒரு வரி எழுதலை, நானும் பதில் போடலை. வியாழக்கிழமை சந்தை. ஊரே கடைவீதியில நிக்கறப்ப பஸ்ஸுல இருந்து எறங்கியிருக்கறா. மயில்சாமிப் பண்ணாடி மச்சினன் இருக்கறானே, ஜாமீன்ல வந்தவன், அவன் உரக் கடையிலயே போயி நின்னு, "ஏனுங்க, பழனியாத்தா ஊட்டுக்கு எப்படிங்க போகோணும்?"ன்னு கேட்டிருக்கறா. அவன், "நீ யாரு அம்மணி?"ன்னான். "அவங்க எனக்கு அத்தைங்க. எங்கப்பா சென்னியப்பன் மகன் கருப்புசாமிங்க"ன்னு சொல்லியிருக்கறா. மொளகா யாவாரம் பண்றவங்கெல்லாம் தராசைக் கீழ வெச்சுட்டுப் பாத்தாங்களாம். அப்பறம் அவனே கையை நீட்டி வழி காட்டினானாம். அவனுக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரிஞ்சிருக்காது.

நான் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். வந்தவ என்னைக் கட்டிக்கலை, அழுகலை. "ஏன் அத்தை அன்னிக்கு ஆமாங்கம்மான்னு சொன்னீங்க?"ன்னுதான் கேட்டா. "உங்கப்பன் மூஞ்சியைப் பாத்தேன் கண்ணு"ன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கே தெரியலை, உனக்கு என்னத்தைச் சொல்லறது.

உன்னைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொல்ல மாட்டேங்கறா. நானும் எடுத்துப் பேசலை. நீ கேட்டியே, என் உண்மையில எத்தனை கொழந்தைங்க தலை குனியாம வளந்தாங்கன்னு. ஒண்ணும் வளரலைதான். அந்தக் கேள்வியை ஒரு மாசமா மென்னுக்கிட்டு இருந்தேன், துப்பவும் முடியலை முழுங்கவும் முடியலை. உன்மேல இருந்த கோவம் கொறஞ்சுபோச்சுன்னு நெனைச்சுக்காதே. அது அப்படியேதான் இருக்குது.

அவ இப்ப ஊட்டுல இல்லை. சின்னத்தாயியோட துணி தொவைக்கப் போயிருக்கறா. மேல்துறைக்கு. நான் போகச் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. கரை மேல ரெண்டு மூணு பேரு நிக்கறாங்கன்னு இப்பத்தான் ஒரு பொடுசு ஓடி வந்து சொல்லிட்டுப் போகுது. கல்லு எதுவும் இல்லையாம், சும்மா நிக்கறாங்களாம். நானும் அங்கதான் கெளம்பறேன். இதை மூடிப் போட்டுட்டுப் போயிருவேன்.

அவளை நான் பஸ் ஏத்தி அனுப்ப மாட்டேன். எழுத்துல கேட்டாலும் அனுப்ப மாட்டேன், ஆள் உட்டாலும் அனுப்ப மாட்டேன். வேணும்னா நீயே வந்து கூப்புடு. வாரதும் வராததும் அவ இஷ்டம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி யாரைக் கேட்டாலும் ஊடு காட்டுவாங்க. நான் வந்து நிக்க மாட்டேன்.

பழனியாத்தாள்